முதல் இடம் தீவுச் சனத்துக்கு: நெடுந்தீவுப் படகுச் சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கடந்த நீண்ட விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மாவிலித்துறையில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வந்திராவிட்டாலும், விடுமுறை நாட்களில் அந்த இறங்குதுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குப் புதிதல்ல. கூட்டங்களில் பேசியிருக்கிறோம், கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதனால் முன்கதையை விட்டுவிட்டு நேரே கேட்கிறேன். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா என்று எந்த விடுமுறை நாளானாலும், நெடுந்தீவிலிருந்து புறப்படும் பின்னேரப் படகில் தீவுச் சனத்தை முதலில் ஏற்றுங்கள். சுற்றுலா வந்தவர்களுக்கு அன்று மேலதிகமாக ஒரு படகு விடுங்கள். நான் கேட்பது இவ்வளவும்தான்.

என் அம்மாவுக்கு நீரிழிவு. திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் கிளினிக். வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுக்க வேண்டும். நெடுந்தீவில் இருந்துகொண்டு திங்கட்கிழமை விடிய எழும்பி இதைச் செய்ய முடியாது என்பது அந்தக் கடலைக் கடந்து பழகிய எவருக்கும் விளங்கும். படகு மறுகரையில் இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேரவே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வயதான நீரிழிவுக்காரர் ஒருவர் சாப்பிடாமல், மருந்து போடாமல், அலையில் குலுங்கி, பஸ்ஸில் நின்று, பிறகு நம்பர் எடுக்கிற வரிசையிலும் போய் நிற்பது நடக்கிற காரியமா? அதனால் திங்கள் கிளினிக் உள்ளவர்கள் ஞாயிறு பின்னேரமே கடல் கடந்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தங்கி விடியற்காலையில் போவார்கள். யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் அந்தப் படகில்தான் திரும்புவார்கள். அங்கே வேலைக்கு நிற்கிறவர்களும் அதில்தான். காலையில் குதிரையும் கோட்டையும் பார்க்க வந்த அத்தனை பேரும் வீடு திரும்புவது அதே நாள், அதே நேரம், அதே படகில்.

அன்றைக்கு அம்மா நேரத்தோடேயே வந்துவிட்டார். இறங்குதுறையில் வரிசை என்று ஒன்று இருந்தது, ஆனால் வான்களில் குழுக் குழுவாக வந்தவர்கள் ஓட்டோக்களிலிருந்து இறங்கி ஒரேயடியாக முன்னுக்குப் போனபோது அது குலைந்துபோனது. ஒழுங்குபடுத்த அங்கே யாருமில்லை. அம்மாவால் தள்ளிக்கொண்டு போக முடியாது, போகவும் மாட்டார். கையில் கிளினிக் கொப்பியும் ஒரு பையும். "அம்மா, இனி ஒருத்தரும் ஏறேலாது, நாளைக்குக் காலமை வாங்கோ" என்று படகில் நின்றவர் சொன்னார். அவரில் எனக்குக் கோபமில்லை. படகு நிரம்பினால் நிரம்பியதுதான், அதற்கு மேல் ஏற்றாமல் விட்டதற்கு அவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். படகுக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் எழும்பித் தன் இடத்தைத் தருகிறேன் என்று கையைக் காட்டினார். அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

அம்மாவோடு சேர்த்து அன்று துறையில் விடுபட்டவர்களில் மடியில் குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். மறுநாள் பரீட்சை என்று அழுதுகொண்டு நின்ற பிள்ளை ஒன்றும் இருந்தது. எல்லோரும் எங்கள் தீவுச் சனம். துறையில் நின்ற சுற்றுலாப் பயணி ஒருவரும் இல்லை. என் கோபம் முழுவதும் அந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது. ஊர்க்காரர் கரையில் நிற்க, ஊர் பார்க்க வந்தவர்கள் படகில் போகிறார்கள். இப்படி ஒரு ஒழுங்கு எந்த நிர்வாகத்திலும் சரியென்று எழுதப்பட்டிருக்காது. ஆனாலும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அதுதான் நடக்கிறது.

கிளினிக் தவறிப்போனது. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளிக் கிடைத்தது. மாத்திரை அதற்கு முதலே முடிந்துவிட்டது. கடையில் வாங்கினோம், வாங்க எங்களால் முடிந்தது. முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? உயிருக்கு ஆபத்தான நோயாளி என்றால் கடற்படையின் படகு வருவதுண்டு. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவசர நோயாகக் கணக்கில் வராது. கிளினிக்கைத் தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் ஒரு நாள் அவை அவசரமாக மாறும்.

இதில் சுற்றுலாப் பயணிகளைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் வரட்டும். வர வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே நடக்க, பெருக்க மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க, கோட்டையின் இடிந்த சுவர்களுக்குள் போய் வர, வெட்டவெளியில் கூட்டமாகத் திரியும் குதிரைகளைப் பார்க்க, தெளிந்த கடலில் கால் நனைக்க அவர்கள் ஆசைப்படுவதில் என்ன பிழை? எங்கள் ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் அந்த நாட்களில்தான் நாலு காசு கிடைக்கிறது. ஒரு படகுக்குள் இரண்டு சனத்தையும் திணித்து, முந்துகிறவர் போகட்டும் என்று விட்டதால் வந்த கரைச்சல் இது. இப்படியே போனால் வருகிறவர்கள்மேல் எங்கள் பிள்ளைகளுக்கு வெறுப்பு வரும். அது யாருக்கும் நல்லதல்ல.

மேலதிகப் படகு விடுவதற்கு முன்கூட்டியே ஆட்தொகை தெரிய வேண்டும், அது கடினம் என்று ஒருமுறை எங்களுக்குப் பதில் சொன்னார்கள். மரியாதையோடு இதை மறுக்கிறேன். நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. வருகிற ஒவ்வொருவரும் கடல் கடந்துதான் வருகிறார்கள், பெரும்பாலானவர்கள் குறிகட்டுவானில்தான் படகு ஏறுகிறார்கள். காலையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தீவில் தங்குமிடங்கள் குறைவு, ஆகவே அவர்களில் அநேகமானவர்கள் அன்றைக்கே திரும்பியாக வேண்டும். காலைக் கணக்கைப் பார்த்துப் பின்னேரத்துக்கு எத்தனை இடம் வேண்டும் என்று முடிவெடுக்க மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது. இதற்குக் கணினியும் தேவையில்லை, புதிய அலுவலகமும் தேவையில்லை. இறங்குதுறையில் ஒரு கொப்பியோடு ஒருவர் நின்றால் போதும், மறுகரைக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பயணிகளுக்குக் காலையிலேயே எந்தப் படகில் திரும்பலாம் என்று எழுதி ஒரு துண்டு கொடுத்துவிட்டால் அவர்களும் பின்னேரம் அடிபட்டு ஓட வேண்டியதில்லை, ஆறுதலாக ஊரைப் பார்க்கலாம்.

தீவுச் சனம் யார் என்று எப்படி அடையாளம் காண்பது என்றும் கேட்கப்பட்டது. அடையாள அட்டையில் விலாசம் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் பெயர் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைத் துறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். எங்கள் ஊர் அவ்வளவு பெரிய ஊரல்ல.

விடுபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சனம் முண்டியடிக்கும்போது படகில் அளவுக்கு மிஞ்சி ஏறிவிடுவதும் நடக்கிறது. சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயிர்காப்பு அங்கிகள் எல்லோருக்கும் போதுமா, போதுமென்றால் ஏன் அவை மூட்டையாகக் கட்டியபடி கிடக்கின்றன என்று நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். முதன்முதலாகக் கடலில் ஏறுகிற பயணிக்கு அங்கியை எப்படிக் கட்டுவது என்றும் தெரியாது. ஆட்தொகையைக் கட்டுப்படுத்தி, ஒழுங்காக ஏற்றினால் அவர்களுக்கும்தான் பாதுகாப்பு. ஒரு பெரிய அநர்த்தம் நடந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதைவிட இது இலகு.

எங்களுக்குப் படகு என்றால் என்ன என்பதையும் நீங்கள் அறிவீர்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குமுதினி என்ற பயணிகள் படகில் போனவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் இந்தச் சனம் தீவை விட்டுவிடவில்லை. போகவும் வரவும் வேறு வழியில்லாததால் மறுபடியும் படகில்தான் ஏறினார்கள். போர்க்காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடலில் போய்வந்தவர்கள், போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகு, விடுமுறைக் கூட்டத்தால் கரையில் நிற்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னும் சொல்ல இருக்கிறது. விளம்பரப் படங்களில் எங்கள் குதிரைகள் அழகாக நிற்கின்றன. வறட்சி வருடங்களில் அவை தண்ணீரில்லாமல் செத்து விழுந்தபோது வாளியோடு ஓடியவர்களில் இந்த ஊர்ச் சனமும் இருந்தது. குதிரைகள் திரியும் நிலத்தை 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், நல்ல விடயம். ஆனால் கோடையில் ஒரு தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது. கோட்டைச் சுவரில் பெயர் கீறிவிட்டுப் போகிறார்கள், முருகைக்கல் வேலியில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், கல் சரிந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய வேலி அது. ஒரு பக்கம் சரிந்தால் அடுத்தடுத்துச் சரியும், திரும்ப அடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. கடற்கரையில் விட்டுப்போகும் பிளாஸ்டிக் போத்தல்களை யார் பொறுக்குவது? பெண்கள் ஒதுங்க ஒழுங்கான மலசலகூடம் எங்கே? சுற்றுலாவை வளர்ப்பது என்றால் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவது மட்டும்தான் என்று யாரோ முடிவெடுத்துவிட்டதாகவே தெரிகிறது. வருகிறவர்கள் எதை நம்பி வருகிறார்களோ அந்த நிலத்தையும் சனத்தையும் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்ந்ததுதான்.

சரி, இவை எல்லாம் உங்கள் ஒரு கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் எல்லாவற்றையும் உங்கள் மேசையில் கொட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படகு உங்கள் கையில் இருக்கிறது. அதனால் படகைப் பற்றி மட்டும் மீண்டும் கேட்கிறேன். விடுமுறை நாட்களின் பின்னேரப் படகில் முதலில் தீவுச் சனம் ஏறட்டும். அவர்களிலும் நோயாளிகள், கைக்குழந்தையோடு வருகிற தாய்மார், முதியவர்கள் முன்னுக்கு. பிறகு மிச்சமுள்ள இடத்தில் மற்றவர்கள். இடம் போதாத நாட்களில் மேலதிகப் படகு. வரிசையை ஒழுங்குபடுத்த இரண்டு துறைகளிலும் ஒருவர்.

இந்த ஒழுங்கைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் ஒட்டுங்கள். ஏன் இப்படி என்று ஒரு வரியில் காரணமும் போடுங்கள். அன்றைக்குத் தன் இடத்தைத் தர எழும்பிய அந்தப் பெண்ணைப்போல, விளங்கினால் விட்டுக்கொடுக்கிறவர்கள் வருகிறவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் இதற்கு ஒரு முடிவு வர வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். செய்ய முடியாது என்றால் அதற்கான காரணத்தையாவது எழுத்தில் தாருங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக்கும் திங்கட்கிழமைதான். அதற்கு முதல் நாள் பின்னேரம் அவரோடு நானும் மாவிலித்துறைக்கு வருவேன். உங்களில் ஒருவர் அன்று அங்கே வந்து நின்று, சனம் எப்படி ஏறுகிறது என்று நேரில் பார்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
நெடுந்தீவுவாசி ஒருவர்