பார்த்தனான் தூணில் ஏன் இரண்டு நிறம்?

அன்புள்ள கதிர்,

ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தனானின் போட்டோவை அனுப்பி, "ஒரே தூணில் கொஞ்சம் தேன் நிறம், கொஞ்சம் வெள்ளை. ஏன் மாமா?" என்று கேட்டிருந்தாய். கட்டடக்கலை படிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். ஏதென்ஸுக்கு வடகிழக்கே, 1,109 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெண்டெலி மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த மலையின் சலவைக்கல்லில் துளியூண்டு இரும்பு கலந்திருக்கிறது. வெட்டும்போது பால் வெள்ளை. வெயிலும் மழையும் பட்டு நாளாக ஆகப் பொன்னிறம் ஏறும். கி.மு. 447இல் தொடங்கிய வேலைக்கு வந்த கற்கள்தான் நீ பார்க்கும் தேன் நிறம். வெள்ளையாகத் தெரிவது இப்போதைய சீரமைப்பில் சேர்த்தது. அதே மலையின் வடபக்கத்து டயோனிசோஸ் குவாரிக் கல்.

கல்லுக்குள் இருக்கும் இரும்பு அழகு. கல்லோடு கல்லைப் பிணைக்கும் இரும்புதான் எமன். பழைய கொத்தர்களுக்கு அது தெரிந்திருந்தது. இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் ஊற்றித் துருவைத் தடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்த நிகோலாஸ் பலானோஸ் ஈயம் இல்லாமலே இரும்பை வைத்தார். அது துருவேறி, உப்பி, கல்லையே பிளந்துவிட்டது. இப்போது அதையெல்லாம் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழைய கொத்தர்களே கெட்டிக்காரர்கள்.

நீ அந்த மலைக்குப் போனால், பழைய குவாரிப் பாதையின் ஓரத்தைக் கவனி. பாறையில் வரிசையாகக் குழிகள் இருக்கும். அவற்றில் மரக்கட்டைகளை நட்டு, கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான், டன் கணக்கான கல்லைச் சறுக்கு வண்டியில் மெதுவாக இறக்கினார்கள். குவாரிச் சுவரில் உளித் தடம் இன்னும் இருக்கிறது. அங்குள்ள டாவெலிஸ் குகையைப் பற்றிப் பேய், பறக்கும் தட்டு என்று யாராவது கதை விடுவார்கள், கண்டுகொள்ளாதே.

காட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அங்கே அதிகம் இருப்பது அலெப்போ பைன். தீயில் எரியப் பழகிய மரம் அது. மூடிக் கிடக்கும் காய்கள் சூட்டில் வெடித்து விதையைச் சிதறும், அடுத்த மழையில் கன்று முளைக்கும். ஆனால் அந்தக் கன்று போதுமான விதை தர பத்துப் பதினைந்து வருடமாவது வேண்டும். பெண்டெலியில் 2018, 2022, 2024 என்று தீ வந்துகொண்டே இருக்கிறது. 2018 ஜூலையில் மலைச்சரிவில் பற்றிய தீ, காற்றோடு இறங்கிக் மாட்டி என்ற கடலோர ஊர் வரை போய் நூறு பேருக்கு மேல் பலிவாங்கியது. ஒரே இடம் இப்படி மறுபடி மறுபடி எரிந்தால் விதைக்கு எங்கே போவது? அங்கே புதர்தான் மிஞ்சும்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதே. தீ அபாயம் அதிகமான நாட்களில் காட்டுக்குள் விடமாட்டார்கள். அக்டோபருக்கு டிக்கெட் போடு.

அன்புடன்,
மாமா