பழைய அறிவியல் நூல்களை மறுபதிப்பு செய்யும் பதிப்பாளர்களுக்கு

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். போன முறை நந்தனம் புத்தகக் காட்சியில், ஏழாவது படிக்கும் மகளுக்காக வானியல் நூல் ஒன்று வாங்கினேன். பளபள அட்டை, நல்ல தாள். அன்று ராத்திரியே வந்து நின்றாள்: "அப்பா, இதுல ஒன்பது கோள்னு போட்டிருக்கு. சனிக்கு நிலா பத்துதானாம்."

புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்தது 2006இல். சனியின் நிலாக்கள் 2025 மார்ச்சில் 274 ஆகிவிட்டன. சரி, எப்போது எழுதியது என்று இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால், 'முதற்பதிப்பு: டிசம்பர் 2023'. உள்ளேயோ, மனிதன் 'விரைவில்' சந்திரனில் இறங்கப்போகிறான்! உங்கள் பதிப்பகத்துக்கு அது முதற்பதிப்பாக இருக்கலாம். வாங்குகிறவர் 2023இல் எழுதியது என்றுதானே எடுத்துக்கொள்வார்?

எழுதியவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் காலத்துக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதுவும் என்ன தமிழ்! ஒரு எலுமிச்சம்பழத்தையும் அரிக்கேன் விளக்கையும் வைத்துக்கொண்டு கிரகணத்தை விளக்கிவிடுகிறார். அதனால் மூலத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. அடிக்குறிப்பு போடுங்கள் என்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மனித செல்லில் குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்) 48 என்று முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1920களில் பெயின்டர் என்ற ஆய்வாளர் எண்ணிச் சொன்ன எண் அது. நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்; பிரித்து எண்ணுவது பெரும்பாடு. பின்னால் வந்தவர்களும் 48 வரும்வரை எண்ணினார்கள் போலிருக்கிறது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வகத்தில், உப்புச்செறிவு குறைந்த கரைசலில் செல்களை ஊறப்போட்டு உப்பவைத்தார். குரோமோசோம்கள் விலகி நின்றன. எண்ணினால் 46. அவரும் அந்த ஆய்வகத்தின் ஆல்பர்ட் லெவானும் 1956இல் அதை வெளியிட்டார்கள்.

1950இல் எழுதிய நூலில் 48 என்று இருந்தால் அழிக்காதீர்கள். அடியில் இந்தக் கதையை நாலு வரி போடுங்கள். அழித்து 46 ஆக்கினால் பிள்ளைக்கு ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

நாட்டுடைமையான நூல்களுக்கு ராயல்டி கிடையாது. அதில் மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் கொடுத்து, அந்தத் துறை தெரிந்த ஆசிரியர் ஒருவரை ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லலாமே. அப்புறம், முதலில் வெளிவந்த ஆண்டை இரண்டாம் பக்கத்தில் போடுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லையா, 'ஆண்டு தெரியவில்லை' என்றாவது போடுங்கள்.

என் மகள் 'ஒன்பது' என்பதைப் பென்சிலால் அடித்து 8 என்று எழுதிவைத்திருக்கிறாள். ஓரத்தில் 274. அடுத்த காட்சியில் உங்கள் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருவேன். இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்