கல்கரியில் இருக்கும் மகனுக்கு

ஸ்காபரோ,
26.11.2025

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். நேற்று அம்மா கோயிலுக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு வந்தார். உன் பெயருக்கு மட்டும் செய்தாரா, இரண்டு பேரின் பெயருக்கும் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை விளக்கீடு. தங்கச்சி வந்து வாசலில் விளக்கு வைப்பாள்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அங்கே ஸ்னோ கொட்டத் தொடங்கியிருக்கும். காருக்கு வின்ரர் ரயர் மாற்றிவிட்டாயா? போன வருடம் போல டிசம்பர் வரை இழுக்காதே.

பேஸ்போல் உலகத் தொடரில் எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேய்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்ற அந்த ஏழாவது மட்ச் முடிந்து மூன்றரைக் கிழமை ஆகிறது. இங்கே சனம் இன்னும் அதைத்தான் கதைக்கிறது. முடிவெட்டப் போனாலும் அதுதான், கொத்து ரொட்டிக்கு வரிசையில் நின்றாலும் அதுதான். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன், வாய் திறப்பதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று நாங்கள் முன்னுக்கு நின்றோம். இன்னும் இரண்டே இரண்டு அவுட். 32 வருடத்துக்குப் பிறகு கோப்பை. அந்த நேரத்தில், ஹோம் ரன் அடிப்பான் என்று யாருமே நினைக்காத டொட்ஜர்ஸ்காரன் மிகேல் ரோஹாஸ், எங்கள் ஹொஃப்மன் எறிந்த பந்தைத் தூக்கி வெளியே அடித்து 4-4 ஆக்கிவிட்டான். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இங்கே எல்லோரும் குறை சொல்வது எங்கள் கைனர்-ஃபலெஃபாவை. அதே ஒன்பதாவதில் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள், ஒரு அவுட். மூன்றாம் பேஸில் நின்ற அவன் ஹோம் பிளேற்றுக்கு ஓடி வந்து சேர்ந்தால் வெற்றி. வார்ஷோ நிலத்தோடு அடித்த பந்தை ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோம் பிளேற்றுக்கு எறிந்தான். கைனர்-ஃபலெஃபாவின் கால் போய்ச் சேர முன்னர், சில அங்குல வித்தியாசத்தில் பந்து வந்துவிட்டது. மூன்றாம் பேஸிலிருந்து இன்னும் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் கோப்பை எங்களுடையது என்கிறார்கள். மகன், பேஸை விட்டு அதிகம் தள்ளி நிற்க வேண்டாம் என்று சொல்லித்தான் அவனை நிறுத்தியிருந்தார்கள். முதல்நாள் ஆறாவது மட்ச் எப்படி முடிந்தது? எங்கள் பார்ஜர் இரண்டாம் பேஸை விட்டு விலகிப் போனான். ஹிமெனெஸ் அடித்த பந்தை டொட்ஜர்ஸின் கிக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, பார்ஜர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். இரண்டு பேரும் அவுட், மட்ச் முடிந்தது. விலகி நின்றாலும் பிழை, ஒட்டி நின்றாலும் பிழை. அங்கே நின்றவனுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்கள், முதல்நாள் நடந்தது அவன் மனதில் எப்படிக் கிடந்தது என்பதெல்லாம் சோபாவில் இருந்து பார்த்த எங்களுக்குத் தெரியுமா? ஒரு ஆளைப் பிடித்து, இவனால்தான் எல்லாம் போனது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த விசயத்திலும் வராது, யாரைப் பற்றியும் வராது. உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஏழாவது இன்னிங்ஸில் நீ வீடியோவில் வந்தாய் அல்லவா, அப்போது உன் பின்னால் சுவர் தெரிந்தது. அம்மாவும் பார்த்தார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள், அதற்காகப் படத்தைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். ரயரை மட்டும் மாற்று. தனியாக ஓடும்போது இரவில் பெருந்தெருவுக்குப் போகாதே.

பதினொராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்து 5-4 ஆக்கினான். எங்கள் விளாடி முதல் ஆளாக வந்து இரண்டு பேஸ் ஓடினபோது எனக்கு மறுபடியும் உயிர் வந்தது. பிறகு எங்கள் கெர்க்கின் மட்டை முறிந்து பந்து டொட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸின் கைக்குப் போனது, எல்லாம் முடிந்தது. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. நீ போனில் அழுதாய். "30 வயது ஆண்பிள்ளை ஒரு விளையாட்டுக்குப் போய் அழுவதா? வேலைக்குப் போகிறவன் படுக்கிற வழியைப் பார்" என்றேன். நீ "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு உன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

அன்றிரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் இரவு. கதிரையில் ஏறி அடுப்படி மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினேன். அப்போதே திருப்பி உனக்கு அடித்திருக்கலாம், அங்கே பத்தரை மணிதான். அடிக்கவில்லை.

"அவன் விளையாட்டுக்கு அழவில்லை" என்று அம்மா சொன்னார்.

அடுத்த நாள் எங்கள் ரீமின் எர்னி கிளெமென்ட் கதைத்ததைப் பார்த்தேன். அந்தப் பிளேஒஃப், அதாவது இறுதிச் சுற்றுகள், முழுக்க 30 ஹிட் அடித்தவன், ஒரு பிளேஒஃப்பில் அவ்வளவு அடித்தவர்கள் முன்னர் எவரும் இல்லை. ஒரு மணித்தியாலமாக அழுதுகொண்டிருந்தேன், கண்ணீர் முடிந்துவிட்டது என்று நினைத்தேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். கூட விளையாடியவர்களில் அவ்வளவு அன்பு என்கிறான். அவனை யாரும் குறைவாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. என் பிள்ளைக்கு மட்டும் அப்படிச் சொல்லிவிட்டேன்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1993 ஒக்டோபர் 23, ஜோ காட்டர் அடித்து ப்ளூ ஜேய்ஸ் கோப்பை எடுத்த இரவு, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு யங் வீதிக்கு ஓடிப்போனேன் என்று உனக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஆட்கள் கட்டிப்பிடித்தார்கள் என்றும் சொன்னேன். நான் அங்கே நின்று விம்மி விம்மி அழுததைச் சொல்லவில்லை. அப்பம்மா போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடிதம் வந்துதான் தெரியும், போகவும் வழியில்லை. அந்தச் சனத்துக்குள் அழுதால் சந்தோசத்தில் அழுகிறான் என்று நினைப்பார்கள். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அம்மா சொல்லாமலே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இதோடு நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை இப்போது எழுதாவிட்டால் நான் எழுதமாட்டேன்.

2007இல் உனக்கு 12 வயது. வெளியூர் போய் விளையாடும் ரீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மூன்று நாள் பார்க்குக்குப் போனாய். பிறகு ஒரு கிழமை போனுக்குப் பக்கத்திலேயே இருந்து வீட்டுப்பாடம் செய்தாய். "இன்னும் அடிக்கவில்லையா அப்பா" என்று நான் வேலையால் வர வரக் கேட்டாய். மகன், அவர்கள் அடித்தார்கள். மூன்றாம் நாளே கோச் அடித்தார். உன்னை எடுத்திருக்கிறோம், நல்ல கை, பந்தை முன்கூட்டியே அறிகிற பிள்ளை என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். சனிக்கிழமை ரியூசன், காசும் கட்டவேண்டும், அந்தக் காசை வன்னிக்கு அனுப்பவேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொன்னேன். காசு கட்ட முடிந்திருக்கும். நீ கணக்கில் பின்னுக்குப் போய்விடுவாய் என்ற பயம்தான். சரி, வேண்டாம் என்று சொன்னதைக்கூட விடு, ஒரு தகப்பன் சொல்லலாம். ஆனால் உன்னிடம் அழைப்பே வரவில்லை என்று சொன்னேன். உனக்குத் திறமை போதாது என்று நீ நினைக்கும்படி விட்டுவிட்டேன். நீ ஒன்றும் கேட்காமல் கையுறையைக் கொண்டுபோய் பேஸ்மென்டில் வைத்தாய். அன்றைக்கும் "சரி அப்பா" என்றுதான் சொன்னாய்.

நீ படித்து, எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் எஞ்சினியர் ஆனாய். பட்டமளிப்பு அன்று மாமா என் தோளில் தட்டினபோது எனக்கு வந்த பெருமையில் பாதிதான் பெருமை. மிச்சப் பாதி அந்தப் போன்.

ஏதாவது கைவிட்டுப் போகும்போதெல்லாம் நீ உன்னைத்தான் பிழை சொல்கிறாய். அந்தப் பழக்கத்தை நான்தான் பழக்கினேனோ என்று இந்த மூன்றரைக் கிழமையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுதினேன், பிறகு வெட்டினேன், திரும்பவும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

கையுறை இப்போதும் இருக்கிறது. தோல் வெடித்துப் போயிருந்தது, தேங்காயெண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்பவா, நீ வரும்போது எடுக்கிறாயா? அறை அப்படியேதான் இருக்கிறது. ஒரு கிழமை நின்றாலும் சரி, ஒரு மாதம் நின்றாலும் சரி. ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மாமிமாரை அம்மா பார்த்துக்கொள்வார்.

மருமகளுக்கு நாங்கள் கேட்டதாகச் சொல். சொல்லக்கூடிய மாதிரி இருந்தால் சொல்.

ஞாயிறு காலை உன் நேரம் ஒன்பது மணிக்கு அடிப்போம். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, போனை எடுத்து வைத்திரு. ரயரை மாற்று.

அன்புடன்,
அப்பா