கார்ன் ஃப்ளவரில் உகாலி வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

கென்யாவில் வளர்ந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில், மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கெட்டியாகக் கிளறிச் செய்யும் கென்ய உணவான உகாலிக்குப் போட்டிருந்த செய்முறையை நம்பி அடுப்பைப் பற்றவைத்தால் கிடைப்பது பசைதான். ‘கார்ன் ஃப்ளவர் 2 கப்’ என்று அச்சாகியிருக்கிறது. நம் மளிகைக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது மக்காச்சோள ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கலாம், கோபி மஞ்சூரியன் பொரிக்கலாம். உகாலிக்கு வேண்டியது வெள்ளை மக்காச்சோளத்தில் அரைத்த முழு மாவு.

நைரோபியிலோ கிசுமுவிலோ பள்ளிப் பருவத்தைக் கழித்தவர்கள் இங்கே இதைக் கிளறிப் பார்த்துவிட்டு, ‘நாக்கு மாறிவிட்டது போலிருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். நாக்கு மாறவில்லை, மாவுதான் மாறியிருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் விளைவதெல்லாம் மஞ்சள் ரகம். பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போகிறது. அதிலும் கிளறலாம், ஆனால் நிறமும் வாசனையும் வேறு. வெள்ளை ரகம் ராஜஸ்தான், குஜராத்தில் விளைகிறது. வடநாட்டு மளிகை விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மணியாகக் கிடைத்தால் நல்லது. மில்லில் முதலில் குருணையாக உடைத்து, பிறகு அரைக்கச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிடப் போகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அரிசி மாவைவிடக் கரகரப்பாக, ரவையைவிட நைஸாக இருக்க வேண்டும். ரொம்ப நைஸானால் கையில் ஒட்டும். முளைப்பகுதியின் எண்ணெய் மாவில் இருப்பதால் சீக்கிரம் காறிவிடும். கொஞ்சமாக அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நாலு பேருக்கு 4 கப் தண்ணீர், ஏறத்தாழ 3 கப் மாவு. உப்பு வேண்டாம், உப்பெல்லாம் தொட்டுக்கொள்வதில்தான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கைப்பிடி மாவைத் தூவிக் கஞ்சிப் பதமாக்கி, மறுபடி கொதி வந்த பிறகே மிச்ச மாவைச் சேர்க்க வேண்டும். கொதி அடங்கிய நேரத்தில் கொட்டினால் உள்ளே பச்சை மாவோடு கட்டி தட்டும். எவ்வளவு கிளறினாலும் உடையாது. தட்டையான மரத்துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திப் புரட்டுங்கள். பிறகு தீயைக் குறைத்து, மூடி, 5 நிமிடம். ஓரம் விட்டு, அடியில் லேசாக வறுபட்ட வாசனை வந்தால் பதம். அப்படியே தட்டில் கவிழ்க்கலாம்.

கூட வைக்கும் சுகுமா, முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை, இங்கே அபூர்வம். அதே குடும்பத்து நூல்கோல் இலையும் காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் பச்சை இலையும் போதும். பின்னதைச் சந்தையில் ஆட்டுக்குப் போடுகிறார்கள். சுருட்டி நூலாக நறுக்கி, வெங்காயம் தக்காளி வதக்கிப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள். கடுகு தாளிப்பும் தேங்காய்த் துருவலும் வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கென்யாவில் வளர்ந்து வந்த இவர்களுக்கு அங்கே திரும்பிப் போக வீடென்று எதுவும் மிஞ்சுவதில்லை. குஜராத்திகள் அங்கே பல தலைமுறையாக வேரூன்றியவர்கள். இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44ஆவது இனக்குழுவாக 2017இல் கென்ய அரசு ஏற்றுக்கொண்டது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைக்குப் போனவை. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கேயே பிறந்த பிள்ளையானாலும், பெற்றோரில் ஒருவராவது கென்யக் குடிமக்களாக இல்லாவிட்டால் குடியுரிமை கிடையாது. அங்கே ‘முஹிந்தி’ (இந்தியர்) என்பார்கள், இங்கே வந்தால் ‘ஆப்பிரிக்காக்காரப் பிள்ளை’.

‘உகாலி வேறொன்றுமில்லை, நம் களிதான்’ என்று கட்டுரை முடித்துவிட்டதும் சரியல்ல. நம் களிக்கான கேழ்வரகே எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நமக்கு வந்த பயிர். மக்காச்சோளமோ அமெரிக்கச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில்தான் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதற்கு முன் அங்கேயும் கம்பும் சோளமும் கேழ்வரகும்தான்.

வெள்ளை மக்காச்சோளம் கிடைக்காதவர்கள் கென்யாவில் காலையில் குடிக்கும் ஊஜி என்ற கஞ்சியிலிருந்து தொடங்கலாம். 4 மேசைக்கரண்டி கேழ்வரகு மாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிடுங்கள். காலையில் கொதிக்கும் 3 கப் தண்ணீரில் ஊற்றி, கை விடாமல் 10 நிமிடம் கிண்டி, சர்க்கரை போட்டு, ஆறுமுன் குடிக்க வேண்டும். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் அது கூழ். அதுவும் அருமைதான், அவர்கள் கேட்பது அதை அல்ல.

– வாசகர், திருச்சி