கவலையை மனுவாக எழுதிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் பிரச்சினைகளை வேறு கோணத்தில் பார்க்கச் சொல்லி வந்த கட்டுரையை வாசித்தேன். சொன்ன விஷயத்தோடு எனக்குச் சண்டை இல்லை, சொன்ன வழியோடுதான். காலையில் எழுந்ததும் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை ஒரு கொப்பியில் எழுத வேண்டுமாம். விடிய முன்னமே பீலிக்கரையில் வாளியோடு நின்று, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பி, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பிரட்டுக்கு ஓடுகிற பெண் அந்தக் கொப்பியை எப்போது திறப்பாள்? அப்புறம், 'உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்' என்ற ஆலோசனை. எங்கள் தேயிலைத் தோட்ட மலையகத்தில் இது எல்லார் வாயிலும் இருப்பதுதான். குழுக் கடன் கட்ட முடியவில்லை என்று அழுகிறவளிடம், மண்சரிவில் வீடு போனவளைப் பார் என்பார்கள். சரி, வீடு போனவள் யாரைப் பார்ப்பது?

நான் ஹட்டனில் மனு எழுதிக் கொடுக்கிறவன். முன்பு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். இப்போது தெரிந்தவர் ஒருவருடைய கொமியூனிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம், தாபரிப்புப் பணம், பொலிஸ் முறைப்பாடு, தொலைந்துபோன அடையாள அட்டை என்று பலதும் வரும். ஆனால் யாரும் வந்த உடனே 'சேமலாப நிதிக்கு எழுத வேண்டும்' என்று சொல்வதில்லை. கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மாமியார் சொன்ன பேச்சு, புருஷனின் குடி, மூத்தவன் பாதியில் விட்ட படிப்பு, அடகுக் கடையில் இருக்கிற தோடு எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு வரும். கடைசியில் 'எல்லாம் என் தலையெழுத்து ஐயா' என்று நிற்கும்.

தலையெழுத்தை மாற்றச் சொல்லி எந்த அரசாங்கக் கந்தோருக்கும் மனு எழுத முடியாது. அதனால் நான்கு கேள்வி கேட்பேன். யாருக்கு எழுதுவது? எப்போது நடந்தது? எவ்வளவு நட்டம்? அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்? இதற்குப் பதில் தேடும்போதே பலருக்குப் பேச்சின் வேகம் குறைந்துவிடும். நானும் அவசரப்படுத்துவதில்லை.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து வேலையிலிருந்து நின்றவர். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை வெடிப்புக்குள் இறங்கி, வேலை விட்ட பிறகும் போகாமல் இருந்தது. ஒரு ஷொப்பிங் பேக்கில் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன்மார் இரண்டு பேரும் தன்னால்தான் சண்டை போடுகிறார்கள், மருமகள் சோறு போட்டுத் தட்டை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது, பாரமாகிப் போனேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "யாருக்கு எழுதுறது? முருகனுக்குத்தான்" என்றார்.

பையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. சேமலாப நிதிப் பதிவில் அவர் பெயர் 'ஆயி' என்று முடிகிறது, அடையாள அட்டையில் 'அம்மா' என்று முடிகிறது. ஐம்பது வயதில் எடுத்திருக்க வேண்டிய காசு இந்தப் பெயர் வித்தியாசத்தில் சிக்கி நிற்கிறது. வேலையை விடும்போது தோட்டம் கொடுக்க வேண்டிய பணிக்கொடையோ அறவே வரவில்லை. இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுபட வேண்டும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போட்டால், 30 வருஷத்துக்கு 5,67,000 ரூபாய். 'பாரமாகிப் போன' ஒருவருக்கு வர வேண்டிய காசு இது. சேமலாப நிதி வேறு. அதில் மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்தே 8 சதவீதம் வெட்டியிருக்கிறார்கள், தோட்டம் தன் பங்குக்கு 12 சதவீதம் போட்டிருக்க வேண்டும்.

மனுவை எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். 'மேற்படி மனுதாரர் இன்ன தோட்டத்தில் இன்ன வருடம் முதல் தொடர்ச்சியாகச் சேவையாற்றியவர் என்பதையும், தமக்குரிய பணிக்கொடை இதுவரை வழங்கப்படவில்லை என்பதையும்' என்று போகும், நம்முடைய வழக்கமான மனுத் தமிழ். அவர் முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தப் பொம்பளைக்குக் காசு குடுக்கத்தானே வேணும்?" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கட்டுரை எழுதியவர் சொன்ன வேறு கோணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த அம்மா தன்னைவிடக் கீழே இருப்பவரைப் பார்க்கவில்லை. தன்னையே பக்கத்து லயத்துக்காரியை, அதாவது அடுத்த வரிசை வீட்டுக்காரியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு சத்தியக் கடதாசி, சமாதான நீதவான் கையொப்பம், தொழில் திணைக்களம் என்று நீண்ட அலைச்சல் இருந்தது. சேமலாப நிதி வந்தது, பணிக்கொடையில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. தட்டு வைக்கிற சத்தம் குறைந்ததா என்று நான் கேட்கவில்லை, ஆனால் கடைசியாக அவரோடு துணைக்கு வந்தது அந்த மருமகள்தான்.

பேராதனையில் படித்த என் மகளிடம் இதைச் சொன்னபோது, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள் என்றாள். கனடா வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஈகோர் குரோஸ்மனும் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் குரோசும் 2014இல் வெளியிட்டது. துணை துரோகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், சிலரிடம் தங்களுக்கே நடந்ததாக, சிலரிடம் நண்பருக்கு நடந்ததாக. நண்பரின் விஷயத்தில் எல்லாரும் நிதானமாக யோசித்தார்கள். தன் விஷயம் என்றதும் அந்த நிதானம் குறைந்தது. ஆனால் தன் கதையையே 'அவன்', 'அவள்' என்று வெளியிலிருந்து யோசிக்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டதாம். 60 தாண்டியவர்களும் இளையவர்களைப் போலவே தடுமாறினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன சாலமோன் அரசரின் பெயரை இந்தக் குறைபாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே என்றால் ஏதாவது ஒரு தோட்டத் தலைவரின் பெயரை வைத்திருக்கலாம். ஊரில் உள்ள புருஷன் பெண்சாதிச் சண்டையை எல்லாம் தீர்த்து வைப்பார், தன் தம்பியோடு மட்டும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இருக்காது.

எல்லாக் கவலையும் கந்தோருக்குப் போகக்கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டார் என்று பிரதேச செயலாளருக்கு எழுத வந்தார். நட்டம் என்ன என்று கேட்டால், தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. கிண்டக் கிண்ட, பக்கத்து வீட்டுப் பையனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததுதான் வெளியே வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கொழும்பில் கடை வேலை செய்கிற ஒரு தம்பியின் விஷயம் அப்படி முடியவில்லை. அப்பா குடித்துவிட்டு வீட்டில் கத்துகிறார், பொலிசுக்கு முறைப்பாடு வேண்டும் என்று கோபமாக வந்தான். அடிக்கிறாரா என்றேன், இல்லை என்றான். அடித்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன். நாலாவது கேள்விக்கு வந்தபோது போட்டோகொப்பி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ஒரு நாள் குடிக்காம இருந்து என்கூடப் பேசணும்" என்றான். இதைப் பொலிஸ் வாங்கித் தர முடியாது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். எழுதினானா இல்லையா, தெரியாது.

ஆசிரியர் ஐயா, 'கோணத்தை மாற்று' என்று சொல்வதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. கஷ்டம் மனதில்தான் இருக்கிறது என்று எங்கள் சனம் எளிதாக நம்பிவிடும், அப்படி நம்பினால் பலருக்கு வசதி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போனபோதும் விதி என்றுதான் பேசினார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. அங்கே இருந்தவர்கள் எந்த மனநிலையில் இருந்திருந்தாலும் மலை சரிந்துதான் இருக்கும்.

இன்னொரு வகையினரும் வருகிறார்கள். கேள்வி கேட்டால் பதில் வராது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்பார்கள். அவர்களுக்கு மனுவும் உதவாது, ஐந்து நன்றியும் உதவாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுப்பேன், முடிந்தால் கடையிலிருந்தே எடுத்துக் கொடுப்பேன். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அந்த நிறுவகம் இருக்கிற ஊரின் பெயரில் 'அங்கொடைக் கேஸ்' என்று கேலி பண்ணியே பழகிவிட்டதால், அந்த இலக்கத்தை எடுக்க வெட்கப்படுகிறார்கள். துண்டுக் கடதாசியை யாரும் பார்க்காமல் மடிக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் அந்தக் கட்டுரைக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதியை வாசகர்களின் கடிதங்களுக்குக் கொடுங்கள். பெயர் போட வேண்டாம். யாருக்கு, எப்போது, எவ்வளவு, என்ன வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கந்தோருக்குப் போக வேண்டியதற்கு ஒரு தொழில் அதிகாரியிடமோ சட்டத்தரணியிடமோ பதில் வாங்கிப் போடுங்கள், மற்றதற்கு உங்கள் மனநலக் கட்டுரையாளர் எழுதட்டும். கீழே 1926ஐ ஒவ்வொரு கிழமையும் அச்சிடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நல்லது, என் மேசைக்கு வருகிற வயதானவர்களில் மூக்குக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் குறைவு.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
ஹட்டன்.