டர்பன் சிட்டி புதிதாகப் பிறந்த அணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் சிட்டி கால்பந்து அணி 2024–25 பருவத்தில் தென்னாப்பிரிக்க லீக்கின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேல் பிரிவுக்கு ஏறியபோது, நேற்று முளைத்த அணி ஒன்று சாதித்துவிட்டதாகப் பலரும் எழுதினார்கள். தங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் அப்படித்தான் வந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் மைதானத்தில் மறுபடி மேல்மட்டக் கால்பந்து நடக்கிறது என்றால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி முளைத்ததல்ல, பெயர்த்து நடப்பட்டது. 2024 வரை அதன் பெயர் மாரிட்ஸ்பர்க் யுனைடெட். அப்போதும் இப்போதும் தலைவர் ஃபாரூக் கடோடியாதான். மாறியவை பெயர், சின்னம், ஊர்.

அந்த அணியின் பழைய ஊரான எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சின்னது. டர்பனிலிருந்து என்-3 சாலையில் எண்பது கிலோமீட்டர். ஹாரி குவாலா மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேர் உட்காரலாம். இந்த ஊர் அணி 2005-இல் முதல் தடவை மேல் பிரிவுக்கு வந்தது, கீழே இறங்கியது, 2008-இல் மறுபடி ஏறி 2023 வரை பதினைந்து பருவங்கள் நின்றது. பெரிய முதலாளியோ சுரங்கக் கம்பெனியோ பின்னால் இல்லாத அணிக்கு இது சாதாரணக் காரியமில்லை. எப்படி நின்றது, ஏன் விழுந்தது என்று பார்த்தால்தான் சாட்ஸ்வொர்த்தில் என்ன நடக்கக்கூடும் என்பது விளங்கும்.

அணியின் உச்சம் 2017–18. அணியின் முன்னாள் ஆட்டக்காரரான ஃபட்லு டேவிட்ஸ் பயிற்சியாளர். லீக்கில் நான்காம் இடம். நெட்பேங்க் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் ஒரே கோலில் தோல்வி. அடுத்த பருவத்தில் அதே அணி பதினைந்தாம் இடம்! ஒரே ஆண்டில் பதினோரு படி சறுக்கல். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நடுக்களத்தை ஓட்டிய லெபோஹாங் மபோயே 2018-இல் மமெலோடி சன்டவுன்ஸுக்குப் போனார். ஃபார்ச்சூன் மகரிங்கே, சிபெசிஹ்லே ந்ட்லோவு இருவரையும் அந்தப் பருவம் முடிந்த பிறகு 2019-இல் ஆர்லாண்டோ பைரேட்ஸ் கொண்டுபோனது. மபோயே போனதுமே ஆட்டம் கலையத் தொடங்கியது. 2018 டிசம்பரில் டேவிட்ஸை நீக்கினார்கள், முஹ்சின் எர்டுக்ரல் வந்தார், அவரும் போய் எரிக் டிங்க்லர் வந்தார். ஒரு பருவத்துக்குள் மூன்று பயிற்சியாளர், மூன்று விதமான ஆட்டமுறை. டிங்க்லர் கரையேற்றினார், 2019 டிசம்பரில் டெல்கம் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே சன்டவுன்ஸ் 2–1 என்று வென்றது.

ஆட்களை விற்றது குற்றம் என்று ரசிகர்கள் கத்துவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சின்ன அணிக்கு வருமானம் நான்கே வழி: லீக் மாதாமாதம் தரும் மானியம், ஸ்பான்சர், டிக்கெட், ஆட்டக்காரர் விற்பனை. இதில் மானியம்தான் முதுகெலும்பு. அது டிவி உரிமைப் பணத்திலிருந்து வருகிறது. 2007-இல் சூப்பர்ஸ்போர்ட் ஐந்தாண்டுக்கு 160 கோடி ராண்ட் கொடுத்த பிறகுதான் இந்த நாட்டில் அணி நடத்துவது பிழைப்பாக மாறியது. டிக்கெட் பணத்தை நம்பவே முடியாது. கைசர் சீஃப்ஸும் பைரேட்ஸும் வரும் நாளில் மைதானம் நிரம்பும், மற்ற நாட்களில் போலீஸ், ஆம்புலன்ஸ், காவலர் கூலி, விளக்குச் செலவு போனால் மிச்சமென்று ஒன்றும் பெரிதாக நிற்காது. அதனால் ஆளை விற்றுத்தான் ஆகவேண்டும். பிழை விற்பதில் இல்லை, விற்கும் நேரத்திலும் ஒப்பந்தத்திலும்தான். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு அணியோடு கையெழுத்துப் போட ஆட்டக்காரருக்கு ஃபிஃபா விதி உரிமை தருகிறது. எனவே இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போது விற்க வேண்டும், அடுத்த விற்பனையிலும் ஒரு பங்கு வரும்படி எழுதி வாங்க வேண்டும், அந்த இடத்துக்கு மாற்றாளை ஆறு மாதம் முன்னதாகவே அணிக்குள் கொண்டுவந்து பழக்க வேண்டும். ஒரே பருவ இடைவேளையில் நடுக்களத்தையே காலி செய்தால் எந்தப் பயிற்சியாளரும் ஒன்றும் செய்ய முடியாது.

2023-இல் விழுந்த விதத்தையும் சொல்ல வேண்டும், பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மேல் பிரிவில் 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம். கடைசி அணி நேரே கீழே போகும். பதினைந்தாவது அணி, இரண்டாம் பிரிவில் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்த அணிகளோடு பிளே ஆஃப் ஆட வேண்டும். மூன்று அணிகள், ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடு சொந்த ஊரிலும் வெளியூரிலும், ஆக நான்கு ஆட்டம். முதலிடத்துக்கு மட்டுமே மேல் பிரிவு. மேலிருந்து வரும் அணிக்கு வசதி அதிகம் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. பாதிப் பேரின் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது, அடுத்த அணியைத் தேடிக்கொண்டிருப்பவன் காலை நீட்டித் தடுக்க மாட்டான். கீழிருந்து வருபவர்களோ வென்று பழகிய சூட்டில் வருகிறார்கள். 2019-இல் இந்த வாசலைத் தாண்டிய மாரிட்ஸ்பர்க், 2023-இல் கேப் டவுன் ஸ்பர்ஸிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு இறங்கியது. 2025-இல் கேப் டவுன் சிட்டிக்கும் இதே கதிதான், ஆர்பிட் காலேஜ் அணி மேலே போனது.

இறங்கிய அணிக்கு மானியம் மளமளவென்று சுருங்குகிறது, சம்பள ஒப்பந்தங்கள் சுருங்குவதில்லை. அந்த இடைவெளியை ஊர் அடைக்க வேண்டும், இல்லையேல் அணி ஊரை விட்டுப் போகும். எங்கள் ஊர் என்ன செய்தது? ம்சுண்டூசி நகராட்சி மூன்று ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் ராண்ட் ஸ்பான்சர் பணத்தை, ஊரில் பிறந்து வளர்ந்த அணிக்கு அல்ல, ராயல் ஏ.எம். அணிக்கு என்று முடிவு செய்தது. அந்த ராயல் ஏ.எம். 2021-இல் புளூம்ஃபோன்டெய்ன் செல்டிக் அணியின் இடத்தை, அதாவது லீக்கில் ஆடும் உரிமையை, விலைக்கு வாங்கி வந்தது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. உரிமையாளரின் வரிப் பாக்கியால் அணி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போய், 2025 ஏப்ரலில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆக, இரண்டு அணிகள் வந்து போன ஊரில் இன்று மேல் பிரிவு அணி ஒன்றுகூட இல்லை. குழாயில் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் ரேஸ்தோர்ப், நார்த்டேல் பக்கத்து மக்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தத் தொகை ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நோய் ஓர் ஊரோடு நிற்கவில்லை. இந்நாட்டில் லீக் இடம் என்பது பஸ் பெர்மிட் மாதிரி கைமாறுகிறது. 2016-இல் ம்புமலாங்கா பிளாக் ஏசஸ் இடம் கேப் டவுன் சிட்டிக்கு, 2020-இல் ஹைலண்ட்ஸ் பார்க் இடம் டி.எஸ். கேலக்ஸிக்கு, அதே ஆண்டு நூறாண்டு நெருங்கிய பிட்வெஸ்ட் விட்ஸ் இடம் வடக்கே லிம்போபோவுக்கு, 2025-இல் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் இடம் புளூம்ஃபோன்டெய்னின் சிவெலெலெக்கு. செல்டிக்கை இழந்த புளூம்ஃபோன்டெய்ன் ஊரே இப்படி இன்னொருவர் இடத்தைத்தான் வாங்கித் திரும்பியிருக்கிறது.

சாட்ஸ்வொர்த்துக்கு இது தெரியாத கதையா? பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவமான 1996–97-இல் சாம்பியன் யார்? சீஃப்ஸும் இல்லை, பைரேட்ஸும் இல்லை. கோர்டன் இகெசுண்ட் பயிற்சியில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ். 1928-இல் தொடங்கிய, இந்தியர்கள் நடத்திய, சாட்ஸ்வொர்த் மைதானத்தில் ஆடிய அணி. பத்தாண்டு தாங்கவில்லை. கீழிறங்கி, கடனில் மூழ்கி, ஃபிடென்ஷியா என்ற முதலீட்டு நிறுவனத்திடம் கைமாறி, கேப் டவுனுக்குப் போய் இகாபா ஸ்போர்ட்டிங் என்று பெயர் மாறியது. ஃபிடென்ஷியாவும் 2007-இல் சரிந்தது. அன்று சாட்ஸ்வொர்த் எந்த வழியில் அணியை இழந்ததோ, அந்த வழியில்தான் இன்று ஓர் அணியைப் பெற்றிருக்கிறது.

கடோடியாவைத் திட்டி இதை எழுதவில்லை. பல ஆண்டு கைப்பணம் போட்டவருக்குக் கணக்குப் பார்க்க உரிமை உண்டு. ஆனால் சாட்ஸ்வொர்த் ரசிகர் சங்கங்களும் டர்பனை ஆளும் எத்தெக்வினி நகராட்சியும் இப்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. மைதானக் குத்தகை பருவத்துக்குப் பருவம் புதுப்பிப்பதாக இல்லாமல் ஐந்தாண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். வாடகைச் சலுகை தந்தால், இடத்தை விற்றாலோ ஊர் மாறினாலோ அதுவரை தந்த சலுகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். இந்த ஒரு வரி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் பேச்சுவார்த்தைக்காவது இடம் இருந்திருக்கும். பெரிய அணிகள் வரும் ஆட்டங்களை ஐம்பதாயிரம் இருக்கைக்கு மேலுள்ள மோசஸ் மபிடாவுக்கு நகர்த்தும் ஆசை எந்த உரிமையாளருக்கும் வரும். பருவத்துக்கு ஓர் ஆட்டம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிவிட வேண்டும், ஏனென்றால் பேட்டையில் சாமோசா விற்பவரிலிருந்து டாக்ஸிக்காரர் வரை சீஃப்ஸும் பைரேட்ஸும் வரும் இரண்டு நாளை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். புல்லையும் கவனிக்க வேண்டும். கிக்குயுப் புல் கோடை மழையில் நன்றாக வளரும், ஆனால் ஈரத்தில் வாரத்துக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடினால் கோல் வாயில் மண் தெரியும். ஒரே களத்தை இரண்டு அணிக்கும், பள்ளி விழாவுக்கும், அரசியல் கூட்டத்துக்கும் விட்டால் ஜனவரிக்குள் பந்து குதிக்கிற திசையைக் கடவுள்தான் அறிவார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு? இன்னொருவர் இடத்தை வாங்க யாராவது மறுபடி நகராட்சிப் பணத்தைக் கேட்டு வருவார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மெதுவான வழி ஒன்று இருக்கிறது. வட்டார லீக்கில் தொடங்கி, மாகாண அளவிலான ஏ.பி.சி. மொட்செபே லீக்குக்கு ஏறி, ஒன்பது மாகாணச் சாம்பியன்களும் மோதும் தேசியப் போட்டியில் இறுதிக்கு வரும் இரண்டு அணிகளில் ஒன்றானால் இரண்டாம் பிரிவு கிடைக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் நான்கைந்து ஆண்டு ஆகும். அந்த வழியில் செலவும் கையளவில் நிற்கும், பதினேழு வயதுப் பையன்கள் நார்த்டேலிலும் எடென்டேலிலும் இருந்தே வருவார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி லீக் அட்டவணை அச்சிடும்போது, விலைக்கு வாங்கிய இடத்தில் ஆடும் அணியின் பெயருக்குப் பக்கத்தில் அந்த இடம் யாரிடமிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று ஒரு சிறு குறிப்புப் போடுங்கள். பெயர் மாற்றி ஊர் மாறிய டர்பன் சிட்டிக்கும் அதே போலப் பழைய பெயரையும் ஊரையும் போடுங்கள். நான்கைந்து சொல்தான் ஆகும், இடம் அதிகம் தேவைப்படாது.

இப்படிக்கு,
வாசகர்,
ரேஸ்தோர்ப், பீட்டர்மாரிட்ஸ்பர்க்