சாராயம் காய்ச்சவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து உன் பெரியம்மா அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை. "நீ அங்கே வீட்டில் சாராயம் காய்ச்சுகிறாயாமே?" என்றுதான் தொடங்கினார். குடும்பக் குழுவில் நீ போட்ட போத்தல் படம் செய்த வேலை இது. "காய்ச்சவில்லை அக்கா, ஊறப்போடுகிறேன்" என்றேன். அவருக்கு வித்தியாசம் விளங்கவில்லை. உனக்காவது விளங்க வேண்டும். செய்முறை கேட்டவன் நீதானே.

இங்கே இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுவைக் காய்ச்சி வடிப்பது குற்றம். கடையில் வரி கட்டி வாங்கிய ஜின்னில் பழத்தையும் சீனியையும் போட்டு நம் வீட்டுத் தேவைக்கு மூடி வைப்பதில் குற்றமில்லை. உப்பில் எலுமிச்சை ஊறுகிறது, ஜின்னில் ஸ்லோ என்கிற சின்னக் கரும்பழம் ஊறுகிறது. ஐம்பது வயதுவரை மதுவின் மணமே பிடிக்காதிருந்த நான், இப்போதும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வாயில் வைப்பதில்லை. அந்த ஒரு கரண்டி பதம் பார்க்க. உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்குவேனா?

செய்முறை சின்னது. 450 கிராம் ஸ்லோ, 225 கிராம் சீனி, ஒரு லிட்டர் ஜின். இதுதான் இங்குள்ள பழைய கணக்கு. நான் முதலில் 150 கிராம் சீனிதான் போடுவேன். குறைந்தால் பிறகு கூட்டலாம், கூடினால் என்ன செய்வாய்? விலை கூடிய ஜின் வாங்கிக் காசைக் கரைக்காதே. அதன் நுட்பமெல்லாம் பழத்தின் துவர்ப்பில் காணாமல் போய்விடும். முதல் உறைபனி விழுந்த பிறகே பறிக்க வேண்டும், ஒவ்வொரு பழத்தையும் அந்தச் செடியின் முள்ளாலேயே குத்த வேண்டும் என்று இங்குள்ள கிழவிகள் சொல்வார்கள். பனி செய்கிற வேலையை ஃப்ரீசர் ஒரே இரவில் செய்கிறது. தோல் தானாக வெடித்துவிடும். மிக்ஸி பக்கம் மட்டும் போகாதே. கொட்டை உடையக்கூடாது, அதன் பருப்பில் நஞ்சு உண்டு. முழுக் கொட்டையிலிருந்து மெல்ல இறங்கும் வாதுமை மணம் போதும்.

முதல் வாரம் தினமும் சாடியைக் குலுக்கு. பிறகு வாரம் ஒருமுறை போதும். நான் அதைச் சாமி அறைக்கு எதிரே உள்ள இருட்டு அலுமாரியில் வைக்கிறேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வீட்டில் வேறு இருட்டு இல்லை. முதல் நாள் ஒன்றும் நடக்காது. கரையாத சீனி அடியில் வெள்ளை மணலாகக் கிடக்கும். மறுநாள் பழங்களைச் சுற்றி மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரியும். ஒரு மாதத்தில் மாதுளைச் சாறு. மூன்று மாதம் கழித்து வெள்ளைத் துணியில் வடித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், உன் அம்மம்மாவின் தோட்டுக் கல் நிறம். இந்தமுறை பொங்கலுக்கு மறுநாள் வடித்தேன். உடனே திறக்கக்கூடாது. அடுத்த பொங்கல்வரை இருந்தால் அதன் முரட்டுத்தனம் போய்விடும்.

இவ்வளவுதான் செய்முறை. ஆனால் நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பழம் எங்கிருந்து வந்தது?

2013 அக்டோபர் கடைசியில் அடித்த புயலில் நம் பின்வளவுப் பலகை வேலி சாய்ந்தது நினைவிருக்கும். கூலி கேட்டுவிட்டு அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கள் ஊரில் பலகையா வைத்தோம்? கிளுவைக் கதியால் வெட்டி நட்டோம், அது தானாகத் தளிர்த்தது" என்றார். கென்டில் கிளுவைக்கு எங்கே போவது? இங்கே அந்த வேலையை ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகள் செய்கின்றன. அந்த பிளாக்தார்னின் பழம்தான் ஸ்லோ. இந்த நாட்டு உயிர்வேலிகளில் பல 1750க்கும் 1850க்கும் இடையில் நட்டவையாம். ஊர்ப் பொதுநிலங்களைச் சட்டம் போட்டு அடைத்தபோது எழுந்த எல்லைகள். அதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். இரவில் கதியாலை அரை முழம் தள்ளி நடுகிற ஆட்களை யாழ்ப்பாணத்தில் பார்த்தவர். இங்கே அதைப் பாராளுமன்றமே செய்திருக்கிறது.

2014 சனவரியில் நட்டோம். பன்னிரண்டு மீட்டருக்கு அறுபது கன்று. மண் இல்லாமல் வேரோடு கட்டாக வந்தவை, பார்த்தால் துடைப்பக்குச்சிதான். இரண்டு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்றாக. முயல் கடிக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் சுருள் மாட்டினோம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவன் நீ, பன்னிரண்டு வயது. கை விறைக்கிறது என்று அழுதாய். சூடான மைலோ தந்தேன்.

நான்காம் வருஷம் கொஞ்சம் காய்த்தது. சுண்டங்காயைவிடச் சற்றுப் பெரிய கரும்பழம், மேலே சாம்பல் பூசியதுபோல் நீலப்பொடி. கட்டைவிரலால் தேய்த்தால் உள்ளே கறுப்பு மினுங்கும். நாவல்பழம் என்று நினைத்து அப்பா ஒன்றை வாயில் போட்டார். பத்து நிமிடம் அவரால் பேச முடியவில்லை. அந்த வீட்டில் அதைவிட அமைதியான பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு பழம் இல்லை. உரம் போட்டேன், தண்ணீர் விட்டேன், நாவூறு என்றுகூட நினைத்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். பிளாக்தார்ன் சென்ற வருஷத்துக் கொம்பில்தான் பூக்கும். அப்பாவோ மின்கத்தரி வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு மாசியிலும் வேலியைச் சப்பறத்துப் பலகைபோல் மட்டமாக வெட்டுகிறார். பூக்க வேண்டிய கொம்பெல்லாம் குப்பைத் தொட்டியில். இங்கே வருஷம் தவறாமல் டிராக்டரால் சீவுகிற வயல்வேலிகளும் இதனால்தான் காய்ப்பதில்லை.

இப்போது வேலியை மூன்று பங்காகப் பிரித்து ஒரு வருஷத்துக்கு ஒரு பங்குதான் வெட்டுகிறோம். மற்ற இரண்டு பங்கும் தலைவிரி கோலமாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது அப்பாவுக்குக் கஷ்டம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். பங்குனியில் இலை வருமுன் வெள்ளையாகப் பூத்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு: வேரிலிருந்து புல்தரையெங்கும் முளைவிடுகிறது, முள்ளும் பொல்லாதது. போன வருஷம் விரலில் ஒடிந்த துண்டுக்கு இரண்டு வாரம் மருந்து எடுத்தார்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒற்றையடிப் பாதையோரத்து பிளாக்பெர்ரியைத் தொடவே பயந்தோம். யாருடைய காணியோ, பொலிஸ் வருமோ என்று. காட்டில் தானாக முளைத்ததை வீட்டுக்குப் பறிப்பது திருட்டல்ல, விற்கப் பறித்தால்தான் திருட்டு என்று 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அது தெரியாமல் எத்தனை வருஷம் உன் கையைத் தட்டிவிட்டேன்.

டொராண்டோவில் ஸ்லோவைத் தேடி அலையாதே. ஆவணி, புரட்டாசியில் நயாகரா பக்கத்திலிருந்து நீலப் பிளம்ஸ் வரும். பாதியாக வெட்டிக் கொட்டையை எடுத்துவிட்டுப் போடு. அது இனிப்பு, சீனியைப் பாதியாக்கு.

மூன்று ஞாயிறு நீ அழைக்கவில்லை. வேலை என்று தெரியும், கேட்கவில்லை. பெரியம்மா போனை வைக்குமுன் குரலைத் தாழ்த்தி, "இருமலுக்கு நல்லதாமே, யாராவது வந்தால் ஒரு சின்னப் போத்தல் கொடுத்துவிடு" என்றார்.

வெளியே அப்பா மின்கத்தரிக்கு எண்ணெய் போடுகிறார். இந்த வருஷம் எந்தப் பங்கு என்று அவருக்கு நினைவிருக்காது. நான் போய்க் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா